வலது இடுப்புக்கு முன்னால்

அன்பு மனைவிக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் வாண்டுவின் இடது இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழியில் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டிருந்த எலும்பை உட்காரவைத்துத் தகடு போட்டிருக்கிறார்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே முக்கோணத் தலையணை ஒன்று கட்டியிருக்கிறது. அதற்கு 'மலை' என்று பெயர் வைத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறாள். வலது பக்கம் ஐந்து வாரம் கழித்து. உன் கப்பலிலிருந்து போனில் கிடைக்கும் பத்து நிமிடத்தையும் அவளே பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு, நான் சொல்லவேண்டிய ஒன்று அவள் காதில் விழவும் கூடாது. அதனால்தான் கடிதம்.

கேள்வி கேட்டு ஆளைத் துளைக்கும் என் குணம் உனக்குத் தெரியாததா? இந்த முறை மயக்க மருந்து டாக்டரம்மா அகப்பட்டார். குழந்தையை முழுவதும் தூங்கவைத்துவிட்டு, தொடையிடுக்கில் ஸ்கேன் கருவியை வைத்து நரம்பைத் தேடி, அதன் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் விடுவார்களாம். "தூங்குறவளுக்கு வலி ஏது டாக்டர்? அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டேன். "முழிச்ச பிறகுதான் சார் இதோட வேலையே" என்றார். இடுப்பிலிருந்து மூளைக்குப் போகும் சேதி வழியிலேயே நின்றுவிடும், தூக்க மயக்கம் தரும் கடுமையான மருந்துகளும் குறைவாகப் போதும் என்றார். லிஃப்ட் மெக்கானிக் புத்தி விடுமா? மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட்டை நிறுத்தாமல் ஒரு மாடிக்கு மட்டும் நிறுத்துகிற மாதிரியா என்றேன். "இனிமே மத்தவங்களுக்கு நீங்களே வந்து சொல்லிடுங்க" என்று சிரித்தார்.

நரம்பு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு என் தொடையிலேயே கருவியை வைத்துக் காட்டினார். திரையில் பொடிப்பொடியான புள்ளிகளோடு சின்னத் தேனடை போல ஒன்று. நாற்பது வருஷமாக என்னோடு அலைந்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன். போடுகிற மருந்து எத்தனை மணி நேரம் தாங்கும், திரும்ப எந்த விரலில் உணர்ச்சி முதலில் வரும் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் மெதுவாகக் கருவியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார்.

மத்தியானம் வெளியே கொண்டுவந்தபோது வாண்டு அழவில்லை. தண்ணீர் கேட்டாள். தொடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது யாரோட கால்?" என்று கேட்டாள். நர்ஸ் அக்கா ஐஸ் கட்டியைத் தொடையில் தேய்த்து, ஜில்லுன்னு இருக்கா என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒரு அட்டையைக் காட்டினார்கள். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு முகங்கள். எவ்வளவு வலிக்கிறதோ அந்த முகத்தைத் தொடவேண்டும். முதல் முகத்தைத் தொட்டாள். அது உண்மைதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐஸ் பட்டதும் வெடுக்கென்று சிணுங்கினாள். மருந்தின் பிடி விட்டுவிட்டது. அட்டையை நீட்டினார்கள். மறுபடியும் அதே சிரிக்கிற முகம். நேரத்துக்குத் தரும் வலி மருந்தை மட்டும் கொடுத்தார்கள். நானும், இவள் மகா கெட்டிக்காரி என்று என் தங்கைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. பசியில்லை போலும் என்று நினைத்தேன். லிஃப்டில் சின்னச் சத்தம் வந்தாலே எந்தத் திருகு என்று சொல்லிவிடும் எனக்கு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். "அட்டைய விடுங்க, கையப் பாருங்க" என்றார். போர்வைக்கு அடியில் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கூடுதல் மருந்து கொடுத்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. வலி ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம், ஆரம்பத்திலேயே சொன்னால் சுலபம், ஏன் மறைத்தாள் என்று அவர் கேட்டார்.

பதில் என் போனில் இருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் நீ பேசி அனுப்பியதை அவள் தினமும் கேட்கிறாள். "அழாம சமத்தா இருந்தீன்னா, அம்மா சீக்கிரம் வந்துடுவேன்டி தங்கம்." நான்கு மணி நேரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அழுதாலும் அம்மா வருவாள் என்று அவளிடம் பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "அம்மா அப்படிச் சொல்லலியே" என்கிறாள்.

வலது பக்கத்துக்கு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளேயே விட்டு, அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக இரண்டு நாள் செலுத்தலாமா என்று யோசிக்கிறார்கள். அது எப்படி நகராமல் நிற்கும் என்று கேட்க எனக்கு ஏழெட்டுக் கேள்விகள் கைவசம் இருக்கின்றன. ஆனால் மூன்றாம் நாள் குழாயை எடுத்த பிறகு, வலிக்கிறது என்று அவள் வாய் திறந்துதான் ஆகவேண்டும். அதற்கு என்னிடமும் டாக்டரம்மாவிடமும் வழியில்லை.

ஆகவே, கரை கண்டதும் முதல் வேலையாக வேறொன்று பேசி அனுப்பு. நீ வேலை செய்யும் கப்பல் சலவை அறையின் இரைச்சல் கேட்டாலும் பரவாயில்லை. நடுவில் உனக்கே அழுகை வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பேசாதே, அப்படியே அனுப்பு. வலித்தால் அழு, எவ்வளவு அழுதாலும் அம்மா வருவேன் என்று சொல்.

சொன்ன பிறகு, வந்துவிடு.

நீ நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று இருவரும் காத்திருக்கிறோம்.

உன் அன்புக் கணவன்