அன்னாசி கசந்த ஆயுத பூஜை

உன் கைக்கு வந்து சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எதிரில் உட்கார்ந்திருந்தபோதே உன்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவளுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இவ்வளவு பேச்சு என்று நீ கேட்பாய்.

இன்று காலை வாலாஜாபாத்தில் பேருந்துக்காக நின்றபோது, பக்கத்துத் தள்ளுவண்டியில் அன்னாசி சீவிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வாசல்வரை அந்த வாசனை என் கூடவே வந்தது. நாளைக்கு ஆயுத பூஜை.

போன வருடம் இதே நாட்களில் வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். உன்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வேதியியல் பட்டம் வாங்கியவளுக்குக் கம்பிச் சுருள்களைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. நீங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து மெஷினில் சுற்றுவீர்கள். நான் மீட்டரில் வைத்துப் பார்த்து, தேறாததன்மேல் சிவப்பு மை வைப்பேன். லைனில் எல்லாரும் என் கூச்சத்தைத் திமிர் என்று நினைத்தார்கள். 'டிகிரி' என்று பெயர் வைத்தார்கள். மதியம் ஸ்டோர் ரூம் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். வேலை வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே சோறு இறங்கும்.

ஒருநாள் நீ டிபன் பாக்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்தாய்.

"இன்னாடி டிகிரி, வாய்ல கொழுக்கட்டையா? என் பீஸுக்கெல்லாம் செவப்பு வெக்க மட்டும் நல்லா தெரியுது."

"கம்பி லூசா இருந்தது" என்றேன், பயந்துபோய்.

"கம்பியா, நானா?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய்.

உன் டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த வாரப் பத்திரிகைத் தாளில் ஒரு சமையல் குறிப்பு இருந்தது. பழமும் தயிரும் கலந்த காக்டெயில். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாய். படித்து முடிப்பதற்குள் முடிவும் செய்துவிட்டாய்.

"பூஜைக்கு நாம ரெண்டு பேரும் இத்த செஞ்சி எடுத்துக்கினு வரலாம். எங்க வூட்ல எருமத் தயிரு கீது. பழம் நீ வாங்கியாந்துடு."

நாம ரெண்டு பேரும். அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

பூஜையன்று முதல் பேருந்தைப் பிடித்து, பென்னலூரில் உன் வீட்டுக்கு வந்தேன். வாழைப்பழத்தையும் சப்போட்டாவையும் நான் பிசைந்தேன். அன்னாசியை நீ அம்மியில் நசுக்கினாய். கெட்டித் தயிரில் எல்லாவற்றையும் கொட்டி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, மத்தால் கடைந்தாய். ஆளுக்கு ஒரு கரண்டி குடித்துப் பார்த்தோம். அவ்வளவு ருசி. தூக்கில் ஊற்றி, ஈரத்துணி சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனோம்.

பொரி, சுண்டலோடு நம் தூக்கையும் சாமிக்கு முன்னால் வைத்தாய். முதலாளி வரத் தாமதம். சூடம் காட்டி முடிக்கும்போது மதியமாகிவிட்டது. நீ டம்ளர்களில் ஊற்றினாய். லைனிலேயே மூத்தவரான செல்வி அக்காவுக்கு முதல் டம்ளர்.

"காக்டெயிலா? எங்க வூட்டுக்காரு தெனம் அத்த குடிச்சிட்டுதான வாசப்படில வுழறாரு. நல்ல நாள்ல எனக்குமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது. "வேப்பெண்ண ஊத்துனீங்களாடி?"

"டிகிரி செவப்பு மைய ஊத்திட்டா போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நானும் குடித்துப் பார்த்தேன். காலையில் அப்படி இனித்தது, நாக்கின் அடிவரை கசந்தது. பழமெல்லாம் வாங்கி வந்தவள் நான். இன்றோடு இந்த வேலை போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வி அக்கா விடவில்லை. "கெமிஸ்ட்ரி படிச்சியாமே, சொல்லு. ஏன் கசக்குது?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நீயும்தான். உதவிக்கு வருவாய் என்று பார்த்தேன், நீ வரவில்லை. நானே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"தெரியலக்கா. அத மட்டும் காலேஜுல சொல்லித் தரல."

செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் டம்ளர் தளும்பிப் புடவையெல்லாம் தயிர். "காலேஜு வரைக்கும் போயும் தெரியலயாம்! நம்ம ஆளுதான்டி இவ!"

நீ அதோடு விட்டாயா? தூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். "சாமிக்கு வெச்சது. ஒரு சொட்டு கீழ கொட்டக் கூடாது. புடி, புடி." மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, எல்லாரும் குடித்து முடித்தார்கள். மறுநாள் மதியம் ஸ்டோர் ரூம் பக்கம் போன என்னைச் செல்வி அக்காதான் அதட்டிக் கூப்பிட்டார். அதன்பிறகு நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை.

பொங்கல் சமயத்தில் நீ அன்னாசியைச் சர்க்கரை போட்டு வேகவைத்து, ஆறியபின் தயிரில் கலந்தாய். சாயங்காலம்வரை கசக்கவில்லை. ஏன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன மாதம்தான் என் கல்லூரி ஆசிரியையைப் பார்த்துக் கேட்டேன். வேகவைக்காத அன்னாசியில் இருக்கும் ஒன்று தயிரின் சத்தை அரித்துக் கசப்பாக்கிவிடுமாம். வேகவைத்தால் அது செத்துப்போகுமாம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் பேருந்து நிறுத்தம்வரை வேகமாக நடந்தேன். சித்திரையிலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது என்பது அங்கே நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் சிவப்பு வைக்கும் முன் எழுந்து போய், "அக்கா, இந்தச் சுத்து லூசா வருது, பாருங்க" என்று நேரில் சொல்கிறேன். அவர்களும் பதிலுக்குத் திட்டுகிறார்கள். வாயைத் திறந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குக் காட்டியவள் நீ. அதற்கு நன்றி என்று ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை.

நாளைப் பூஜைக்கு அந்தக் காக்டெயிலை நான்தான் செய்து கொண்டுவர வேண்டுமாம். அன்னாசியை இப்போதே வேகவைத்து ஆறவைத்துவிட்டேன்.

இன்னொன்று. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இன்று எல்லாரும் அவரவர் மெஷினைத் துடைத்தார்கள். நாளை அவரவரே பொட்டு வைப்பார்கள். உன்னுடையதில் இன்னும் ஆள் போடவில்லை. அதன்மேல் தூசி அப்படியே இருக்கிறது. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. எனக்குச் சுற்றத் தெரியாது, அது என் மெஷினும் இல்லை. நாளைக்கு அதைத் துடைத்து நானே பொட்டு வைக்கட்டுமா?