புள்ளிக்குப் பிறகு நான்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கண் நன்றாக இருக்கிறது. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, இனிச் சொட்டு மருந்து வேண்டாம், படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லிவிட்டார். மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகத் தண்ணீர் மோட்டாரைச் சரி செய்துவிட்டார். உன் அறை ஜன்னல் கொக்கி மட்டும் அப்படியேதான் தொங்குகிறது. செய்திகள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் வெட்கக்கேடு.

போனில் சொல்லிவிடலாம் என்று ஆறு தடவை முயன்றேன். நீ எடுத்தவுடனே "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறாய். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் பின்னால் நானே மாற்றிப் பேச முடியாது பார். அதற்காகவும்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனி உறை தைக்கிற புது கேம் பெட்டியின் அளவை வெளியே விட்டது உன்னோடு வேலை பார்த்த தையல் அக்கா இல்லை. நான்தான்.

நீ வேலைக்குக் கிளம்பியபோது உன் பழைய கேம் பெட்டியை மேஜை டிராயரில் விட்டுவிட்டுப் போனாய். கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டி ஆடலாம் என்று எனக்குக் காட்டுவாயே, அதுதான். ரிட்டயர் ஆன பிறகு பகல் நகரவே மாட்டேன் என்றது. எடுத்து ஆடிப் பார்த்தேன். முதல் மாதம் பள்ளத்தில் விழுந்து விழுந்து செத்தேன். இரண்டாவது மாதம் தாண்டக் கற்றுக்கொண்டேன். பிறகு, இதற்கு அடுத்த மாடல் எப்படி இருக்கும் என்று பேசுவதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. 'பழைய பொத்தான்' என்ற பெயரில் அதில் சேர்ந்தேன். என்னை யாரோ இருபத்தைந்து வயதுக்காரன் என்று நினைத்து "பொத்தான் ப்ரோ" என்றார்கள். நானும் மறுக்கவில்லை. உன்னிடமும் மூச்சு விடவில்லை. இந்த வயசில் இது தேவையா என்று சிரிப்பாயே என்ற கூச்சம்.

அங்கே 'அடுத்தது' என்றால் போதும், அவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய கார்டுகள் அதில் ஓடுமா, பக்கத்துப் பிடிகளைச் செருக வேண்டுமா, இல்லை காந்தத்தில் ஒட்டிக்கொள்ளுமா, திரை வளருமா என்று, எங்கிருந்தோ வந்த ஒரு மங்கல் படத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். பட்டறையில் முப்பத்தொரு வருஷம் அளவு பார்த்தவன் நான், சும்மா இருப்பேனா? பேட்டரி பெரிசானால் இடம் வேண்டும், சூடு வெளியேற வழி வேண்டும், அகலம் இருநூற்று அறுபது மில்லியைத் தாண்டாமல் முடியாது என்று விவரமாக எழுதினேன். நாலு பேர் மதித்தார்கள். அங்கே 'ரகசியம்' என்று ஒருவன், அவனுக்குப் பெரிய படையே உண்டு. பழைய அளவேதான் வரும் என்று அவன் அடித்துப் பேசினான். என்னைப் பார்த்து, "பொத்தான் ப்ரோ, ஸ்கேலை வச்சுக்கிட்டு ஜோசியம் சொல்லாதீங்க" என்று எழுதினான். கூட்டமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில்தான் என் கண் ஆபரேஷன். ஐந்து நாள் லீவு கேட்டுக்கொண்டு நீ ஓடி வந்தாய். வீட்டிலிருந்தே உறைக்கான வெட்டு வேலையை முடிக்க வேண்டும் என்று சொல்லி, உன் மேனேஜர் ஒரு மாதிரிக் கட்டையையும் கொடுத்தனுப்பியிருந்தார். இன்னும் வெளிவராத பெட்டிக்கு இப்போதே உறை தைத்து வைப்பதற்காக, அதே வடிவத்தில் செய்த கட்டை. "அப்பா, இந்தப் பையை மட்டும் தொடாதீங்க, ஆபீஸ் பொருள்" என்று சொன்னாய். எனக்கெதற்கு அது என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. என் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதென்று நீ மருந்துக் கடைக்குப் போனாய். எனக்கு ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பட்டறையில் வழியனுப்பும்போது கொடுத்தார்களே, அந்தப் பெரிய வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கட்டையை அளந்தேன். இருநூற்று அறுபத்தாறு புள்ளி நான்கு. நம்பிக்கை வராமல் மூன்று தடவை அளந்தேன். போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். நீ திரும்பி வந்தபோது ஒன்றும் தெரியாதவனாகக் கட்டிலில் படுத்திருந்தேன். வெயிலில் நடந்து வந்து உன் முகமெல்லாம் சிவந்திருந்தது. உட்காரக்கூட இல்லை, கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு மருந்து விட்டாய். நான் அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீ ஊருக்குப் போன பிறகு பதினைந்து நாள் கையை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். ரகசியம் மறுபடி சீண்டினான். "குத்துமதிப்பா பேசறவங்க எல்லாம் ஒதுங்கி நில்லுங்க" என்று என் பெயரைக் குறிப்பிட்டே எழுதினான். போட்டுவிட்டேன். படத்தைப் போடவில்லை, எண்ணை மட்டும், புள்ளியோடு. முழு எண்ணாகப் போட்டிருந்தால் உங்கள் ஆபீசில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அளவு பார்த்தவனின் திமிர், புள்ளிக்குப் பிறகு வருவதை விட மனசு வரவில்லை. இரண்டு நாள் நான்தான் அங்கே ராஜா. "பொத்தான் ப்ரோ சொன்னா அச்சுப் பிசகாது" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்து படித்தேன்.

மூன்றாம் நாள் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் கொடுக்கிற கட்டையில் உங்கள் கம்பெனி வேண்டுமென்றே துளி வித்தியாசம் வைக்குமாம். எண் வெளியே போனால் எந்த மேஜையிலிருந்து போனது என்று பிடித்துவிடலாம். புள்ளி நான்கு உங்கள் மேஜை. அங்கே வெட்டுவது நீ, தைப்பது அந்த அக்கா, இரண்டே பேர். எண் வெளிவந்த அன்று கட்டை அவருடைய பீரோவில் இருந்திருக்கிறது. அவர் தம்பி வேறு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உன்னையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "எங்க வீட்ல அப்பா மட்டும்தான் சார். அவருக்கு டிவி ரிமோட்லயே ரெண்டு பட்டன்தான் தெரியும்" என்று நீ சொன்னாயாம். அவர்களும் சிரித்துவிட்டு உன்னை விட்டுவிட்டார்கள். அந்த அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பதினொரு வருஷம் அங்கே தைத்தவர். கேட்டருகே நின்று "நான் செய்யலம்மா, நீயாவது நம்பு" என்று உன்னிடம் கேட்டதையும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறியதையும் நீயேதான் சொன்னாய். கூட இருந்தே கழுத்தறுக்கப் பார்த்தாரே என்று தேம்பினாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "விடும்மா, இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாது" என்றேன். அளந்தது தப்பு, வெளியே விட்டது அதைவிடத் தப்பு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகு நான் மனுஷனே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், வேண்டுமென்றே தப்பாகச் செய்த ஒரு கட்டையைத்தான் நான் அவ்வளவு சரியாக அளந்திருக்கிறேன். நிஜ அளவு எனக்கும் தெரியாது, அந்தக் கூட்டத்துக்கும் தெரியாது. நேற்று அங்கே உண்மையை எழுதிவிட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, எண் என் மகளின் பையிலிருந்து திருடியது, இனி இங்கே வரமாட்டேன் என்று. உங்கள் கம்பெனிப் பெயரையோ உன் பெயரையோ எழுதவில்லை. ரகசியம்தான் முதலில் பதில் போட்டான். "சாரி அங்கிள்" என்று. அவ்வளவுதான். மேலே படிக்க எனக்குத் தைரியம் இல்லை, மூடிவிட்டேன்.

இதை எழுத உட்காரும் முன்பே உன் மேனேஜருக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். தேதியோடு கட்டையின் படம், அந்த இணையக் கூட்டத்தில் உள்ள என் பக்கத்தின் பாஸ்வேர்டு, என் முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் நேரில் வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். முதலில் உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் உன் கையில் விட்டால், என்னைக் காப்பாற்றுவதா அந்த அக்காவைக் காப்பாற்றுவதா என்று நீ கிடந்து தவிப்பாய். அந்தத் தவிப்பும் என்னால் உனக்கு வர வேண்டாம். கட்டை உன் பொறுப்பில் இருந்தபோது போனது என்று உன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறேன். வைத்தாலும் வைப்பார்கள். தெரிந்தேதான் தபாலில் போட்டேன். பெற்ற மகளின் பிழைப்பில் கை வைத்தவன் என்று என்னை நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அக்கா வீட்டுக்குப் போ. ஆபீஸ் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதே. நான் வந்து அவர் முன்னால் நிற்பது தனிக் கதை, அது என் பாடு. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு நீதான் போக வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடு. அவர் தம்பியும் படிக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உன்னை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்கள். "வயசானவர் சார், தெரியாம செஞ்சுட்டார்" என்று உனக்கு வாயில் வந்துவிடும், நீ அப்படிப்பட்டவள். தயவுசெய்து அதைச் சொல்லாதே. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் செய்தேன் என்று சொல். என்னைப் பற்றி நீ அங்கே சொல்கிற வார்த்தை இந்தத் தடவையாவது பொய்யாக இல்லாமல் இருக்கட்டும்.

நீ எங்கே இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், நாலு பேர் முன்னால் தலை குனியாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா