முன் கேமரா

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தூறல். பஸ் ஏறுவதற்குள் வெயில். ஏ ஷிப்ட். மாவு அரைக்க வேண்டும், அரைக்கவில்லை.

இவரை ஓசூருக்கு அனுப்புகிறார்கள். அங்கே புதிதாக ஒரு பேக்கிங் லைன். மூன்று மாதம். ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்று சூப்பர்வைசர் தாளில் எழுதிக் காட்டினாராம். ஞாயிறு கிளம்ப வேண்டும். வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் சொன்னார், அவ்வளவு சந்தோஷம். நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் துணி எடுக்கப் போனேன். துணி காயவே இல்லை.

போக வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. எத்தனை வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே ஓடுகிறார், எந்த வாயால் சொல்வது? எந்தக் கையால் என்று எழுத வேண்டும்.

இப்போது முதல் வேலை, போன். மற்றவர்கள் வீட்டில் புருஷன் வெளியூர் போனால் போனில் பேசிக்கொள்வார்கள். பிறவியிலிருந்தே காது கேட்காத மனுஷனிடம் போனில் என்ன பேசுவது? முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும். இவரிடம் இருப்பது பட்டன் போன். இவர் கம்பெனியில் கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள், அதனால் இதுவரை வாங்கவில்லை. மெசேஜ் சரிப்படாது. எழுத்தில் இவர் வேறு ஆள். ஒருமுறை "மழை. பஸ் இல்லை. நீ." என்று வந்தது. நீ என்றால் என்ன என்று அரை நாள் யோசித்தேன்.

ஆக, ஞாயிறுக்குள்: போன், சிம், பிளான். எனக்கு மூன்றுமே தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புழுக்கம். லைனில் ஒரு மணி நேரம் கரன்ட் இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம்.

பஸ்ஸில் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரேம் பார். ரேம் பார்க்காதே, பேட்டரி பார். 5ஜி இல்லாமல் வாங்காதே. 5ஜி பேட்டரியைக் குடித்துவிடும். ஆன்லைனில் வாங்கு. ஆன்லைனில் வாங்கினால் செங்கல் வரும்.

பக்கத்து சீட் கனி திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் சிம்மைப் பற்றி மட்டும் சொன்னாள். "ஏட்டி, நான் வச்சிருக்க கம்பெனிய மட்டும் எடுத்துராத கேட்டியா. எங்க ரூம்ல சன்னல்ல தொங்குனாத்தான் டவர் கெடைக்கும்." அப்புறம் ஏன் நீ வைத்திருக்கிறாய் என்றேன். ஊரில் அம்மாவும் அதே கம்பெனி என்றாள். யாருக்கும் தன் ஆள் இருக்கிற கம்பெனிதான் கம்பெனி.

சொல்லிக்கொண்டே போனில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து முன் சீட் கம்பியில் ஒட்டினாள். நானும் என்னுடையதை. எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தினமும் முன் கேமரா, பின் கேமரா இரண்டிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். திரும்பும்போது உரித்துக் கம்பியில் ஒட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் கம்பிக்கு இப்போது அம்மை போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் படப்பை. தலைவலி.

கடைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்கவில்லை. மூன்று கம்பெனி பிளானையும் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். பெயர் எழுதினால் எனக்கே குழம்பும், க.1, க.2, க.3 என்று வைத்துக்கொள்கிறேன். எதை எடுத்தாலும் அன்லிமிடெட் கால், அன்லிமிடெட் கால். நாங்கள் பேசவே போவதில்லை என்றேன்.

"அப்ப போன் இன்னாத்துக்குக்கா?"

சொன்னேன். அட்டையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு அடுத்த பிளானை எடுத்து, இதிலும் அன்லிமிடெட் கால் என்றார். பழக்கதோஷம்.

பேசுகிறவர்களுக்கு மட்டும் என்று தனி பிளான் வந்திருக்கிறதாம். நெட் கிடையாது, பேச்சு மட்டும். பேசாதவர்களுக்கு என்று அவருக்குத் தெரிந்து எதுவும் இல்லை. நெட் மட்டும் போட வேண்டுமென்றாலும் அடியில் பேச்சு பிளான் ஒன்று ஓட வேண்டும். என் புருஷன் வாழ்நாளில் பேசாத பேச்சுக்கெல்லாம் நான் காசு கட்டப் போகிறேன்.

அப்புறம் ஒரு மாதம் என்றால் இருபத்தெட்டு நாளாம். சம்பளம் மட்டும் அப்படி வருவதில்லை.

போன் காட்டினார். பின் கேமரா இத்தனை மெகாபிக்சல், அத்தனை மெகாபிக்சல். முன் கேமரா எப்படி என்று கேட்டேன். செல்ஃபி நிறைய எடுப்பீர்களா என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்து ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு? பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். எங்கள் வடக்குப்பட்டில் மட்டும் காற்றே இல்லை.

கனி என்னோடு இறங்கி டீ குடிக்க வந்தாள். அவள் போன் க.1. பக்கத்து வீட்டில் ஒரு க.2 போனை இரவல் வாங்கிக்கொண்டேன். என்னுடையது க.3. மூன்றையும் தட்டில் வைத்து, தீபாராதனை காட்டுகிற மாதிரி வீடு முழுக்க நடந்தோம். க.1க்கு அடுப்பங்கரையில் இரண்டு கோடு, வேறு எங்கும் இல்லை. க.3 மாடிப்படியில் பரவாயில்லை. க.2க்கு ஒரே ஒரு இடத்தில் முழு டவர். குளியலறையில். இவர் வந்து பார்த்துவிட்டு, எதற்கு போனையெல்லாம் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கையால் கேட்டார். கனிக்கு அது மட்டும் நான் சொல்லாமலே புரிந்துவிட்டது, சிரித்தாள்.

இங்கே எடுப்பது ஓசூரில் எடுக்குமா? அங்கே இவர் தங்கப் போகிற ஹாஸ்டல் வார்டனுக்கு போன் செய்தேன். எல்லா டவரும் நன்றாக எடுக்கும் என்றார். எது ரொம்ப நன்றாக என்றால் எல்லாம்தான் என்றார். கம்பெனிக்குள் கேமரா போன் விடுவார்களா என்று கேட்டேன். விடுவார்கள், எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்றார். அது ஒன்றுதான் இன்று தெளிவாகத் தெரிந்த விஷயம்.

இவருடைய பழைய நம்பரையே வேறு கம்பெனிக்கு மாற்ற முடியுமா என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். பாட்டு, ஒன்றை அழுத்து, பாட்டு. முடியும், ஆனால் சில நாள் ஆகும். ஞாயிறுக்குள் ஆகாது. பேங்க் மெசேஜ் எல்லாம் பழைய நம்பரில். அப்படியென்றால் இரண்டு சிம். அப்படியென்றால் இரண்டு ரீசார்ஜா? கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

எனக்கு அழுகை வருகிறது. சிம்முக்காக இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று ஓ.டி., எழுதவில்லை. இன்று வானம் மூட்டம்.

இவரையும் கூட்டிக்கொண்டு படப்பை கடைக்கே போனேன். இந்தத் தடவை கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "வாங்கறத்துக்கு முன்னாடி பேசிப் பாத்துடுங்கக்கா. அவரு எதிர்ல போய் நிக்கட்டும்." கடை நெட்டைப் போட்டுவிட்டு, ஒரு போனை இவர் கையில் கொடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர் வண்டியோரம் நிறுத்தினார். இன்னொன்று என்னிடம். சத்தத்தை முழுக்க வைத்துவிட்டார், பழக்கதோஷம். கடை முழுக்க லாரி ஹாரன்.

முதல் போன், விலை குறைந்தது. முகம் சரி. கையை அசைத்தவுடன் ஐந்து விரலும் ஒரே துண்டாகிவிட்டது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் அப்படித்தான் இருந்தது, ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.

இரண்டாவது போனில் விரல் விரலாகத் தெரிந்தது. காது மடலில் இரண்டு தட்டு தட்டினார். அது என் பெயர். பெண் பார்க்க வந்த அன்று நான் போட்டிருந்த ஜிமிக்கி. கைப்பேச்சில் வாங்க போங்க கிடையாது, எனக்கு இந்தப் பெயர், அவ்வளவுதான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார். விலை கேட்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அதையே வாங்கினேன். பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. இவரிடம் குறைத்துச் சொன்னேன், அதற்கே அதிகம் என்றார். சிம் க.3. கனி அம்மா கதைதான், என்னுடையதும் அதுதானே. ஒரு நாள் நெட் எத்தனை நேரம் முகம் பார்க்கப் போதும் என்று கேட்டேன். முகத்தைப் பொறுத்தது என்றார் கடைக்காரர். இல்லை, குவாலிட்டியைப் பொறுத்தது என்று உடனே திருத்திக்கொண்டார்.

கால் வந்தால் டார்ச் மின்னுகிற மாதிரி செய்து கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைக் கால் செய்யச் சொல்லி அது மின்னுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆட்டோவில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஒரகடம். கம்பெனி வண்டி. ஏ.சி. பஸ், ஜன்னல் திறக்காது. வழியனுப்ப வந்த பெண்கள் கண்ணாடியைத் தட்டி "கேக்கல, கேக்கல" என்றார்கள். எங்களுக்கு மட்டும் கண்ணாடி ஒரு பொருட்டில்லை. பஸ் திரும்பும் வரை பேசலாம்.

எவ்வளவு நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். சார்ஜர் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தேன் என்றார். ஊறுகாய்? எடுத்தேன். பஸ் போய்விட்டது.

வீட்டில் இட்லிப் பானை பெரிதாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை இல்லை. வெயிலும் இல்லை. கால் செய்தேன், எடுக்கவில்லை. மெசேஜ்: "வேலை. நாளை." இந்தத் தடவை புரிந்தது.

காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வார்? பின்னால் வண்டி வந்தால்? பிளான் பார்த்தேன், டவர் பார்த்தேன், இதையெல்லாம் யாரிடம் பார்ப்பது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் நல்ல காற்று. மாடிப்படியில் உட்கார்ந்து கால் செய்தேன். எடுத்தார்.

கறுப்பு. வெறும் கறுப்பு. பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் மட்டும் வருகிறது, எனக்கு வேண்டாத ஒன்று. படியில் ஏறினேன், இறங்கினேன். அடுப்பங்கரை. குளியலறை. கறுப்பு. ரீசார்ஜ் பார்த்தேன், இருக்கிறது. ஏமாற்றிவிட்டான் கடைக்காரன் என்று திட்டினேன். க.1 வாங்கியிருக்க வேண்டும். 5ஜி வாங்கியிருக்க வேண்டும். அவ்வளவு பேரைக் கேட்டு, அவ்வளவு அலைந்து, கடைசியில் இது.

மறுபடி படியில் வந்து உட்கார்ந்தேன். கட் செய்ய மனசு வரவில்லை. எப்படியும் தெரியப் போவதில்லை என்ற தைரியத்தில் போனைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. நிரந்தரம் இல்லாவிட்டால் போகட்டும். அங்கே யாராவது உன்னைக் கேலி செய்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடு. இட்லி மீந்துபோகிறது. எல்லாம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி எழுத்துப் பிழை, கைக்கும் அது உண்டு.

கறுப்பின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று. ஒரு நகம். வட்டமாக உரிந்து வந்தது. தினமும் நான் உரித்துக் கம்பியில் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். அந்தக் கம்பெனியும் ஒட்டித்தான் விடுகிறது. வார்டனிடம் விடுவார்களா என்று கேட்டேன், எப்படி விடுவார்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, எத்தனை வருஷமாக உரிக்கிறவள் நான்.

இவர் முகம். கண் சிவந்திருந்தது. முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாராம். மூலையில் தன் படம் கறுப்பாக இருப்பதை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன். உன்னைத்தான் பார்த்தேன் என்றார். காது மடலில் இரண்டு தட்டு. மறுபடி சொல் என்றார்.

டேட்டா தீர்ந்துவிடும் என்றேன். அப்புறம் சொன்னேன்.