இந்த சீசனும் நம் வீட்டில்தான்

என்னங்க,

உங்களைத்தான். இப்படிக் கூப்பிட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் வந்துவிட்டது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குளிர்தான் போவேனா என்கிறது. காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் பேஸ்பால் தொடங்கியாச்சு. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரன் வேறு டீமுக்குப் போய்விட்டான். நீங்கள் வாய் ஓயாமல் திட்டிய இடதுகை பிட்சர் இந்த வருஷம் பிரமாதமாகப் பந்து போடுகிறான். இதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷம் வருமா, எரிச்சல் வருமா?

இன்னொன்று கேளுங்கள். கிரிக்கெட்டில் ரிவ்யூ வந்து எவ்வளவு காலம் ஆயிற்று, இங்கே மட்டும் அம்பயர் வாயிலிருந்து வந்ததே வேதமா என்று டிவியோடு சண்டை போடுவீர்களே, அது வந்துவிட்டது. பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டினால் போதும். பந்து கட்டத்துக்குள் போனதா வெளியே போனதா என்று பெரிய திரையில் காட்டுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது, பாவம் அந்தப் பையனுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் இதைப் பார்க்காமல் போனது எனக்கு ஆறவே இல்லை.

உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த நாள் நினைவிருக்கிறதா? கல்யாணமான புதிது. ஆபீஸில் யாரோ டிக்கெட் கொடுத்தார்கள் என்று ரஃபி தம்பி நம்மையும் இழுத்துக்கொண்டு போனார். எதிர் டீம்காரன் நம் சிக்ஸர் மாதிரித் தூக்கி அடித்த ஹோம் ரன் பந்து நேராக உங்கள் கைக்கு வந்தது. இங்கே பிடித்தவருக்கே பந்து சொந்தம். நீங்கள் பிடித்தீர்கள். பிடித்த வேகத்தில் மைதானத்துக்கே திருப்பி எறிந்தீர்கள். அவ்வளவுதான், நம் வரிசைகளில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். எதிரி அடித்த பந்து எனக்கு வேண்டாம் என்று வீசிய வீரர் நீங்கள் என்று அவர்களுக்கு எண்ணம். யார் யாரோ வந்து முதுகில் தட்டினார்கள், ஒருவர் பாப்கார்ன்கூடக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில்தான் உண்மையைச் சொன்னீர்கள். "பந்தைத் திருப்பிக் குடுக்கலன்னா எப்படி சாரு ஆட்டம் நடக்கும்? அவங்ககிட்ட ஒரு பந்துதானே இருக்கும்?" வடபழனி கிரவுண்டில் கிரிக்கெட் ஆடியவருக்கு வேறென்ன தோன்றும்? ரஃபி சிரித்த சிரிப்பில் ஃப்ரீவேயில் எக்ஸிட்டையே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டம் நம் ஹாலில்தான். ரஃபி, சங்கர், அவர்கள் வீட்டுக்காரிகள், பிள்ளைகள் என்று வாசல் முழுக்கச் செருப்பும் ஷூவுமாகக் கிடக்கும். ஏப்ரலில் யாரும் பாயிண்ட்ஸ் டேபிள் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். சங்கர் பாத்ரூமுக்குள் போய்த் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வருவார். நான் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஆட்டம் புரியாது என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள், நானும் மறுத்துச் சொன்னதில்லை.

இந்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் நீங்கள் போனீர்கள். அப்போது அவர்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். காரியம் முடியும்வரை நம் வீட்டு அடுப்பைப் பற்ற வைக்கவே விடவில்லை. குளிர் காலம் முழுக்கப் பனி அள்ளிப் போட்டதும் ரஃபிதான். அதனால் ஏதோ வேலை போலிருக்கிறது, அடுத்த ஆட்டத்துக்கு வருவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இந்தியன் ஸ்டோரில் சங்கரைப் பார்த்தேன். தள்ளுவண்டி நிறைய பஜ்ஜி மிளகாய். என்னைப் பார்த்ததும் அதன்மேல் கொத்தமல்லிக் கட்டைத் தூக்கி வைத்தார்.

"வீட்ல விசேஷமா சங்கர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா, பசங்க கேட்டாங்க."

அவர் பிள்ளைகள் காரம் என்றால் ஓடிப் போகும் பிள்ளைகள். சங்கர் வீட்டு பேஸ்மென்ட்டில் எல்லோரும் கூடுகிறார்கள் என்று அந்த மிளகாயே சொல்லிவிட்டது. காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணாமலே இருந்தேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

ஹூஸ்டனுக்கு ஃபோன் போட்டு நிலாவிடம் சொன்னேன். உங்கள் மகள் பெரிய டாக்டர் மாதிரிப் பேசினாள். "அம்மா, தே ஆர் ஜஸ்ட் கிவிங் யூ ஸ்பேஸ்."

"நாலு பெட்ரூம் வீட்ல நான் ஒருத்தி. எனக்கு எதுக்குடி இன்னும் ஸ்பேஸ்?" என்றேன். "தென் டெல் தெம், அம்மா," என்றாள்.

சொன்னேன். ரஃபியைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இங்கேதான் என்றேன். அவர் தயங்கினார். "இன்னும் வருஷம் திரும்பலையே அண்ணி. உங்க வழக்கத்துல துக்க வீட்ல கொண்டாட்டம் கூடாதுன்னு சங்கர் சொன்னான். அண்ணன் படத்துக்கு முன்னாடி உக்காந்து நாங்க கைதட்டினா நல்லாவா இருக்கும்?"

"பண்டிகை கூடாதுதான். பேஸ்பால் எந்தப் பஞ்சாங்கத்துல பண்டிகை?" என்று கேட்டேன். வருகிறோம் என்றார்.

வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள் தெரியுமா? துக்கம் கேட்க வந்தவர்கள் போல. சோபா நுனியில் உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் குறைத்து, காபியைக்கூட உறிஞ்சாமல் குடித்தார்கள். நம் டீம் இரண்டு ரன் எடுத்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எதிராளி மூன்று எடுத்தான். அதற்கும் ஒன்றுமில்லை. சங்கர் உங்கள் படத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த பிட்சர் கை ஓஞ்சு போயி ரெண்டு இன்னிங்ஸ் ஆச்சு. இன்னும் எதுக்கு அவனையே வெச்சிக்கிட்டு இருக்கான் அந்த மேனேஜர்? புல்பென்ல வேற பிட்சரே இல்லையா?" என்றேன்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ரஃபி கையில் எடுத்த முறுக்கு கையிலேயே இருந்தது. அப்போதுதான் அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது.

"எனக்குப் போனது ஒருத்தர். உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறேன்னு அவர் சொல்லிட்டா போனார்? இந்த வீட்ல சத்தமே இல்ல சங்கர். ஃப்ரிட்ஜ் ஓடறதுகூடக் கேக்குது. கத்தறதுன்னா கத்துங்க. இப்படி உக்காரறதா இருந்தா யாரும் வர வேணாம்."

சங்கர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி சொல்றது சரிதான்டா, அந்த மேனேஜருக்கு மூளையே இல்ல," என்றார். "மூளை இருந்தா ஷார்ட்ஸ்டாப்பை விட்டிருப்பானா?" என்று ரஃபி ஆரம்பித்தார். பிறகு கேட்க வேண்டுமா? அடுத்த இன்னிங்ஸில் நம் பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டினான். பந்து கட்டத்துக்கு வெளியே, அம்பயர் சொன்னது தப்பு என்று திரை காட்டியதும் ஹாலே எழுந்து நின்றது. யாரோ டிவி சத்தத்தை ஏற்றினார்கள்.

நான் அடுப்படியில் இரண்டாவது ஈடு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். காது கிழிந்தது. எனக்கு எதுவும் நினைவில் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"என்னங்க, கொஞ்சம் மெதுவாத்தான் கத்துங்களேன்."

ஹால் அப்படியே அடங்கிவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ரஃபியின் குரல், லேசாக உடைந்து வந்தது.

"சரி அண்ணி. மெதுவாவே கத்தறோம்."

மறுபடியும் கத்தினார்கள், முன்னைவிடப் பலமாக. நான் அடுப்பை அணைத்துவிட்டு நன்றாக அழுதேன். யாரும் உள்ளே வந்து பார்க்கவில்லை, சத்தத்தையும் நிறுத்தவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆட்டம் தோற்றோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் சீசன் முடியும்வரை, ஜெயித்தாலும் தோற்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக் கதவைப் பூட்ட மாட்டேன். இது என் வாக்கு.

உங்கள் மனைவி,
இந்தக் கூட்டத்துக்கே அண்ணி,
சாரதா