பழைய மெமரி புதியதைவிட விலை கூடியது பற்றிய புகாரை முடித்து, என் கொழுந்தனாரின் கடையைத் திறக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
வீட்டு வரைபடம் வரைபவர்,
கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையின் மேல்மாடி, இடப்பக்க வீடு.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: கம்ப்யூட்டர் மெமரி – தலைமுறைக்குத் தலைமுறை விலை மாறுதல் – கடைக்காரர் மீதான புகார் – விளக்கமும் தீர்வும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் கணவர் சென்ற மாதம் தங்களிடம் நேரில் அளித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட புகாரில் 'ஏமாற்றப்பட்ட நுகர்வோர்' என்று குறிப்பிடப்பட்டிருப்பவள் நான். ஏமாற்றியவர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவர் என் கணவரின் உடன்பிறந்த தம்பி. நான் ஏமாற்றப்பட்டேனா இல்லையா என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை. அதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனு.

1. நான் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கொழுந்தனார்தான் எனக்குக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார். ஐந்தாம் தலைமுறை மெமரி அப்போதுதான் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்திருந்தது. நான்காம் தலைமுறையைப் போல அதற்கு இரண்டு மடங்கு விலை. "புதுசு இப்ப வேண்டாம் அண்ணி. பழசையே போடுங்க. பின்னாடி தேவைப்பட்டா இன்னொண்ணு சேத்துக்கலாம், அதுக்குள்ள விலை சரிஞ்சிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

2. இவ்வாண்டு மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. இதுவரை எனக்கு வந்ததில் இதுவே பெரிய வேலை. இரண்டாம் மாடிப் படிக்கட்டை வரையத் தொடங்கினாலே கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தவே, கீழே கொழுந்தனாரின் கடைக்குச் சென்று முன்பு வாங்கியதைப் போலவே இன்னொரு மெமரி கேட்டேன். அன்று நான் கொடுத்த விலையைப் போல இரு மடங்கு சொன்னார். வீட்டு மனிதர் என்பதால் கேள்வி கேட்காமல் வாங்கி வந்தேன்.

3. என் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் பணிபுரிகிறார். பழைய மாடல் டயர் என்றால் தள்ளுபடியில் போகும் என்பது அவர் அறிந்த உலகம். மாலையில் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைத்தாளை அவர் படித்தார். அதே அளவுள்ள ஐந்தாம் தலைமுறை மெமரி, நான் வாங்கிய நான்காம் தலைமுறையைவிடக் குறைந்த விலையில் இருந்தது. மேலே வந்து, கம்ப்யூட்டரைத் திறந்து அன்று வாங்கிய மெமரியைக் கழற்றி, கீழே கொண்டுபோய்க் கடை மேசைமேல் வைத்தார். "பழசைப் புதுசை விட அதிகமா விக்கிறியே, அண்ணி தலையிலயே கட்டுவியா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கேட்டார். "வாங்குன விலைக்குத்தான் குடுத்தேன்" என்று தம்பி சொன்னார். அவர் முகம் வெளிறிப்போனதைப் படியில் நின்று நான் பார்த்தேன். அதற்கு மேல் இருவரும் பேசியவை மனுவில் எழுதத் தக்கவை அல்ல.

4. மறுநாள் புகார் பதிவாயிற்று. தங்கள் ஆய்வாளர் வந்து பில் புத்தகங்களையும், அந்த மெமரியையும் சான்றாக எடுத்துச் சென்றார். விசாரணை முடியும்வரை விற்பனை கூடாது என்று ஷட்டரில் அறிவிப்பு ஒட்டினார். அன்று முதல் அண்ணனும் தம்பியும் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் சுவரைப் பார்க்கிறார், மற்றவர் செல்போனைப் பார்க்கிறார். வலப்பக்க வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, என்னிடம் வாங்கியிருந்த குக்கரைக் கழுவித் துடைத்து என் வாசலில் வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டாள். பத்து ஆண்டுகளில் அவள் என் கதவைத் தட்டாமல் போனது அதுவே முதல் முறை.

5. உண்மை தெரிந்தாக வேண்டும் என்று நானே வேறு கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் நான்காம் தலைமுறைக்கு என் கொழுந்தனார் சொன்னதைவிட அதிகம் கேட்டார்கள். "கம்பெனிக்காரன் பழசு செய்யறதையே குறைச்சிட்டான் மேடம். ஆனா பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க குறையலையே" என்றார் கடைக்காரர். அப்படியானால் புதியதையே கொடுங்கள் என்றேன். புதியது என் கம்ப்யூட்டரில் பொருந்தாது, அதன் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, மெமரி செருகும் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்றார். இரண்டாம் கடையில் பழையது இல்லவே இல்லை. மூன்றாம் கடையில் யாரோ பயன்படுத்திக் கழற்றியதை, உத்தரவாதம் கிடையாது என்ற நிபந்தனையுடன் காட்டினார்கள்.

6. இரண்டு வாரம் கழித்து மீண்டும் முதல் கடைக்குச் சென்றேன். இம்முறை ஐந்தாம் தலைமுறை நான்காம் தலைமுறையைத் தாண்டி ஏறியிருந்தது. எங்கோ பெரிய பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக் குவிப்பதாகவும், அதனால் இரண்டுமே ஏறுவதாகவும் சொன்னார்கள். அங்கேயே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா, என் குழப்பம் இதுதான். இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலைப்படி பார்த்தால் என் கொழுந்தனார் கொள்ளைக்காரர். நான் வாங்கிய நாளின் விலைத்தாளைப் பார்த்தால் சந்தேகத்துக்குரியவர். இன்றைய விலைப்படி பார்த்தால் எனக்குச் சலுகை காட்டியவர். எந்த நாளின் விலையை வைத்து அவரை விசாரிப்பீர்கள்? அவர் குற்றவாளி இல்லை என்றால் குற்றம் யாருடையது? பழையதைக் கைவிட்ட தொழிற்சாலையுடையதா, அதை விடாமல் வைத்திருக்கும் என்னுடையதா?

இது பற்றிக் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர் அம்மையார் எங்கள் புகார் எண்ணைத் தட்டிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கம்ப்யூட்டரே திணறுதும்மா. மெமரி கேட்டு எழுதியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் கொட்டேஷன் வரதுக்குள்ள விலை மாறிடுது, ஃபைல் திரும்பி வந்துடுது" என்றார். நான் எழுந்து வந்தேன்.

7. அன்று வீடு திரும்பிக் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தபோது, மூன்று மாடியும் தடையின்றித் திரையில் விரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்பக்க மூடியின் திருகாணி ஒன்று சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி ஓரகத்தியிடம் இருப்பதால் அவளைக் கேட்டேன். "அவர்தான் அக்கா. கடையில பில் போடற கம்ப்யூட்டர்ல இருந்ததைக் கழட்டிட்டு வந்து மாட்டினார். கடைதான் மூடிக் கிடக்கே, அண்ணி வேலையாவது நடக்கட்டும்னார். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். வரைபடத்தை முடித்து ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளப்பட்ட செய்தியை இம்மனுவில் எழுதியிருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் கணவர் என்பதால், அவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் இதை அனுப்புவது முறையாகாது. அதனால் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். ஏழாம் பத்தியை அவர் இரண்டு முறை படித்தார்.

எனவே, மேற்படி புகாரை முடித்துவைத்து, பில் புத்தகங்களையும் மெமரியையும் என் கொழுந்தனாரிடம் திருப்பிக் கொடுத்து, கடையைத் திறக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். இனி எந்தக் கடையானாலும் மெமரியின் தலைமுறையையும் அன்றைய விலையையும் தேதியோடு எழுதி ஒட்ட வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டால், வேறு குடும்பங்களாவது பிழைத்துக்கொள்ளும்.

இடம்: மேல்மாடி, இடப்பக்க வீடு
நாள்: கடை மூடப்பட்ட நான்காம் வாரம், திங்கட்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வரைபடம் வரைபவர்

புகார்தாரர் தம் கைப்பட எழுதியது:

ஐயா, புகார் கொடுத்தவன் நான். இந்த விலைக் கணக்கு எனக்கு இன்னமும் புரியவில்லை. புரிந்த பிறகு வாபஸ் வாங்கலாம் என்று காத்திருந்தால் கடை திறக்காது. ஆகவே புரியாமலே வாபஸ் வாங்குகிறேன். ஷட்டரில் ஒட்டிய தாளைக் கிழிக்க யாரையும் அனுப்ப வேண்டாம். அனுமதி மட்டும் கொடுங்கள், அதை நானே கிழிக்கிறேன்.

(ஒப்பம்)
கடைக்காரரின் அண்ணன்