கூப்பிடாத சாப்பாடு

ஜவ்வாது மலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சின்னராஜும் உன் வயித்துல இருக்கிற புள்ளையும் சௌக்கியமா இருக்கணும்னு காளியம்மாள வேண்டிக்கிறேன். இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் உக்காந்தேன், ஆனா பாதி சௌக்கியம்னுதான் எழுத முடியுது. நான் கல்லு மாதிரி இருக்கேன், உங்கம்மாதான் சரியில்ல. போன்ல சொல்லலாம்னா பக்கத்துலயே உக்காந்து கண்ண உருட்டுறா, அதான் ஒம்பதாவதோட நின்னுபோன கையெழுத்துல எழுதறேன், பொறுமையா படி.

போன மாசம் உங்க ஊர்ல இருந்து திரும்பும்போது ஏர்போர்ட்டு லவுஞ்சுல உக்காரச் சொல்லி மாப்பிள்ளை சீட்டு வாங்கிக் குடுத்தாரே, நீங்க வாசலோட நின்னுட்டீங்க, உள்ள நடந்தது உங்களுக்குத் தெரியாது. லவுஞ்சுன்னதும் நான் அரண்மனைன்னு நெனச்சு சட்டையெல்லாம் நீவி விட்டுக்கிட்டு போனேன். பாத்தா நம்ம ரேஷன் கடை அளவு ஒரு ரூமு, நாலு சோபா, அதுல ஒண்ணு கிழிசல், ஓரமா மேசை மேல பூரியும் உப்புமாவும் டீயும். வாசல்ல இருந்த பொண்ணு சீட்ட வாங்கிக்கிட்டு சோபாவக் காட்டிட்டு அது வேலையப் பாக்கப் போயிடுச்சு. நாங்களும் உக்காந்தோம். சாப்பாடு எதிர்லயே இருக்கேன்னு உங்கம்மா முன்கூட்டியே சக்கர மாத்திரையப் போட்டுக்கிட்டா. அப்புறம் கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கோம், யாரும் கூப்பிடல. வாங்க சாப்பிடலாம்னு ஒரு வார்த்தை சொல்லாம நம்ம சனம் எந்த வூட்ல எழுந்து போய் தட்ட எடுத்திருக்கு? மத்தவங்க போய்ப் போய் சாப்பிட்டாங்க, இவங்கல்லாம் அந்தப் பொண்ணுக்கு சொந்தம் போலன்னு நான் உங்கம்மாகிட்ட விளக்கம் வேற சொன்னேன், எம்புட்டு அறிவு பாரு. வயிறு கேக்காம ஒண்ணுக்குப் போற மாதிரி ரெண்டு மூணு தரம் பூரி பக்கமா நடந்துட்டு வந்தேன். பையில சாமைப் பொரி இருந்துச்சு, ஆனா அடுத்தவங்க எடத்துல சோறு இருக்கும்போது நம்ம மூட்டையப் பிரிச்சா அவங்களுக்கு அவமானம்னு உங்கம்மா கைய புடிச்சிக்கிட்டா. பிளேனும் லேட்டு. கடைசில அவளுக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்கி என் தோள்லயே சாஞ்சிட்டா. நான் போட்ட கூச்சல்ல அந்தப் பொண்ணு ஓடியாந்து சக்கரையக் கரைச்சு ஊத்துச்சு. வேலூர் பக்கத்து பட்டாளத்துக்காரர் ஒருத்தர் அங்க இருந்தாரு, இன்னா பெரியவரே, எல்லாம் உங்களுக்குத்தானே வெச்சிருக்கு, பந்தியில எல போடுவாங்கன்னு பாத்தீங்களான்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன், வேற இன்னா சொல்றது.

இதோட போயிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பேன். அந்த மாத்திரைதான் தன்னைச் சாச்சுதுன்னு அன்னையில இருந்து அவ அதத் தொடறதே இல்ல. போன செவ்வாய்க்கிழமை சாமைக் கொல்லையில கண்ணு இருட்டுதுன்னு உக்காந்துட்டா. ஆஸ்பத்திரில சக்கரை ஏறிப் போயிருக்கு, மாத்திரையும் வேளைக்கு சாப்பாடும் விடக்கூடாதுன்னு சொன்னாங்க. வழியெல்லாம் தலையாட்டிட்டு வூட்டுக்கு வந்து டப்பாவத் தூக்கி பரண்ல போட்டுட்டா. உன் பிரசவத்துக்கும் வரலியாம். மறுபடி வழியில வுழுந்து எம்பொண்ணுக்கு நான் பாரமா ஆகணுமான்னு கேக்கறா. பிளேன விட்டுட்டு ரயில்ல வரலாம்னா, ரெண்டு நாளு முட்டிய மடக்கி உக்கார அவளால ஆகாது. நீ அங்க தனியா வலியோட கெடக்கறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல, நான் வந்து இன்னா பண்ணப் போறேன், சுடுதண்ணி வெக்கறதுக்கே நாலு பேரக் கேக்கறவன்.

நேத்து சாமை பொடைச்சிக்கிட்டிருந்தா. ஒம்பொண்ணு கூப்பிட்டா அந்த மாதிரி லவுஞ்சு ரூம்ல சாப்பிடுவியான்னு கேட்டேன். முறத்த நிறுத்திட்டு, அவ கூப்பிட்டா பாக்கலாம்னா. டப்பா இன்னும் பரண்லதான் இருக்கு, ஆனா அவ வாயில பாக்கலாம்ங்கறது பெரிய வார்த்தை. அதனால ஒண்ணு செய்மா. தெனமும் அவ மாத்திரை போடற நேரத்துக்கு போன் போடு. நாங்க வர்ற அன்னைக்கு இங்க ஏர்போர்ட்டு லவுஞ்சுல உக்காந்திருக்கும்போதும் போடு. வழக்கம்போல சாப்பிட்டியான்னு கேக்காத, கேட்டா சாப்பிட்டேன்னுடுவா. வாம்மா சாப்பிடலாம்னு கூப்பிடு. மீதிய நான் பாத்து அவ தட்டுல போட்டுடறேன்.

வெயிட்டு தூக்காத, வேளைக்குத் தூங்கு. தாயும் புள்ளையும் வேற வேறயா நல்லபடியா பொழைக்கணும்னு ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம். போன் மறக்காத.

இப்படிக்கு,
பூரியப் பாத்துட்டு மட்டும் வந்த உன் அப்பன்,
தீர்த்தகிரி