ஹெர்குலிஸுக்குக் கைதட்டியவர்கள்

அன்பு நோனியாவுக்கு உன் டுரோனியஸ் எழுதுவது. நீ நலமென்றால் நானும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தமுறை நீ மட்டுமாவது நலமாக இரு.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் கவிதை வாசிக்கும்போது எழும் கைதட்டலெல்லாம் விருந்து போட்டு வாங்கியது. ஹிலாரஸ் என்பவன் ஆள் கூட்டி வருவான். நான் இடது காதைத் தொட்டால் அவன் கையைத் தூக்குவான், கூட்டம் "அபாரம்" என்று கத்தும். வீட்டில் பன்றித் தொடை எப்படிக் காணாமல் போகிறது என்று நீ கேட்டபோது நாய்மேல் பழி போட்டேன். என் சார்பில் நாயிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

நேற்று முன்தினம் ஹெர்குலிஸ் காவியத்தை வாசித்தேன். ரோமில் எந்தச் சந்தியில் திரும்பினாலும் இப்போது ஹெர்குலிஸ் சிலைதான். உடம்பு வீரனுடையது, முகம் நம் சக்கரவர்த்தியுடையது. நாமும் நாலு வரி புகழ்ந்தால் நல்லது நடக்கும் என்ற நப்பாசைதான். அந்த வீரன் வெறிபிடித்துப் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் இடத்தை மட்டும் தாண்டிவிட நினைத்திருந்தேன். சக்கரவர்த்தி தன் மகனைத் தீர்த்துக்கட்டிய பிறகு, அந்தப் பையன் பெயரை ஊர்க் கல்வெட்டுகளிலிருந்து இன்னும் செதுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்களே. ஆனால் சுருளை விரிக்கும் அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. "தகப்பன் கையில் மகனின் ரத்தம்" என்ற வரியைப் படித்தேன். அந்த நேரம் பார்த்தா காது அரிக்க வேண்டும்? சொறிந்தேன்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. "அபாரம், இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

அரண்மனைக்குக் கோள் சொல்லிப் பிழைக்கும் முர்க்கஸ் முன்வரிசையில் இருந்தான். குறிப்பெழுதிய மெழுகுப் பலகையை மூடிவிட்டு என் தோளைத் தட்டினான். "நல்ல கூட்டம்யா ஒனக்கு. எங்க புடிச்ச?" என்றான். அன்றிலிருந்து குளியல் மண்டபத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இடம் தாராளமாக இருக்கிறது.

விசாரணைக்கு இழுத்தால் நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: காது அரித்தது, கூலிக்கூட்டம் அதைச் சைகை என்று நினைத்துவிட்டது. ஹிலாரஸ் அப்படிச் சாட்சி சொன்னால் கூட்டமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். ஆளனுப்பியிருக்கிறேன்.

உன் பெட்டியிலிருக்கும் காவியப் பிரதியை இன்றே அடுப்பில் போடு. உன் அண்ணன் காரணம் கேட்டால், கவிதை சகிக்கவில்லை என்று சொல், நம்பிவிடுவார். பிள்ளைகளை உன் அண்ணன் ஊரான காப்புவாவை விட்டு எங்கும் அனுப்பாதே. நம் வீட்டுத் தெய்வங்கள் உங்கள் வாசலில் விழித்திருக்கட்டும். என் பெயரை மட்டும் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள்.

உன் டுரோனியஸ்

முத்திரை வைக்கும்போது ஹிலாரஸ் வந்துவிட்டான். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னிக்கு நான் தூணுக்குப் பின்னால நின்னேங்க. ஒங்க காது எனக்குத் தெரியவே இல்ல. நான் கையத் தூக்கலைங்க."